கூடச் சாப்பிட ஆள் இல்லை: பினாங்கு வாசகிக்குப் பதில்

பினாங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 41. ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து மூன்று வருடங்களுக்கு முன் சுங்கை ஆரா பக்கம் குடிவந்தார். கணவருக்கு ஜொகூரில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வருவார். வீட்டில் மாமியாரும் பத்து வயது மகனும் இருக்கிறார்கள். வாசகிக்குச் சாப்பாடு என்றால் உயிர். ஈப்போவில் இருந்தவரை சித்தி மகளும் இவரும் ஞாயிறு விடிந்தால் கிளம்பிவிடுவார்கள், ஒரு கடையில் கோப்பி, இன்னொரு கடையில் கோழி கோய்தியாவ் (அரிசி நூடுல்ஸ்), மதியம் வாழையிலை என்று. அந்தத் தங்கை கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டார். இங்கே வந்தபின் புலன (வாட்ஸ்அப்) குழு, முகநூல் குழு என்று சேர்ந்து நான்கு தடவை சாப்பாட்டுச் சந்திப்புகளுக்குப் போயிருக்கிறார். நான்கும் வேறு வேறு கூட்டம். படம் எடுத்தார்கள், சாப்பிட்டார்கள், கலைந்தார்கள். ஒரு சந்திப்பில் ஒரு அக்கா அசாம் லக்சாவை (புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ்) புகழ, இவர் "இது அசல் லக்சாவே இல்லை, புளிப்பு பத்தலை" என்று சொல்ல, மேசையே அமைதியாகிவிட்டது. அதோடு போவதை நிறுத்திவிட்டார். ஆபீஸில் ஒரு சீன நண்பருக்கு ஊரிலுள்ள கடையெல்லாம் அத்துப்படி, மதியம் சாப்பிட வரச் சொல்கிறார், போகத் தயக்கம். மாமியார், "வீட்டில் சமைச்சதை விட்டுட்டு கடை கடையா அலையணுமா" என்கிறார். கணவரோ "உனக்குப் பிடிச்சா போயிட்டு வா" என்று முடித்துக்கொள்கிறார். போதாததற்கு டாக்டர் சர்க்கரை கொஞ்சம் ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறார்.

கேள்விகள் இவை. என்னிடம் ஏதாவது குறையா? நாற்பதுக்கு மேல் சிநேகிதம் கிடைக்குமா? எங்கே தேடுவது? ஒரு ஆணோடு சாப்பிடப் போவது சரியா?

சகோதரி, குறையா என்ற கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் மூன்று இடத்தில் வேறு வேறு வார்த்தையில் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எனக்குத் தெரிவது ஒரு கணக்கு. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபோனவர்கள், கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்கள், இவர்களுக்கு எவ்வளவு நேரத்தில் சிநேகிதம் அமைகிறது என்று பார்த்தார். வெறும் அறிமுகம் சாதாரண சிநேகமாக மாறச் சுமார் 50 மணி நேரம் பிடிக்கிறது, நண்பர் என்று சொல்லும் அளவுக்கு வர 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேலே. நீங்கள் போன நான்கு சந்திப்பும் ஒவ்வொன்று இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு முறையும் புது ஆட்கள் என்பதால் யாரோடும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. இதில் சிநேகிதம் முளைக்கவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதில் நியாயமே இல்லை.

அப்புறம் அந்தச் சித்தி மகள். அவரோடு உங்களுக்கு இருந்தது இருபது முப்பது வருடச் சகவாசம். ஒரே பாட்டி வீட்டுச் சமையல், ஒரே ஊர்க் கடைகள், ஒருத்தர் முகத்தைப் பார்த்தே குழம்பில் உப்பு கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுகிற பழக்கம். நான்கு புதுக் கூட்டத்தையும் நீங்கள் அவரோடு வைத்து அளந்திருக்கிறீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பட்டது. அவரை இழந்தது ஒரு உண்மையான துக்கம், அதைத் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு நாள் போனில் பேசி என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர் அவர் இடத்துக்கு வருகிறவர் இல்லை, வேறொரு இடத்துக்கு வருகிறவர்.

ஒரே கடை, ஒரே கிழமை

சாப்பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, போன கடைக்கே திரும்பப் போக மனசு வராது. ஊரில் இன்னும் எத்தனை கடை பாக்கி என்றுதான் புத்தி ஓடும். ருசிக்கு இது நல்லது, சிநேகிதத்துக்கு ஆகாது. ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் அதே கிழமை, அதே நேரத்துக்குப் போங்கள். என் பரிந்துரை சனிக்கிழமை காலைப் பசியாற. இரவுச் சந்திப்பு என்றால் மகனை யார் பார்ப்பது, வண்டியை எங்கே வைப்பது, மாமியார் என்ன சொல்வார் என்று ஆயிரம் யோசனை. காலை எட்டு மணிக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், பத்து மணிக்கு வீடு. செலவும் அதிகமில்லை, கூப்பிடப்படுகிறவருக்கும் வர மறுக்கக் காரணம் கிடைக்காது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றையும் சேர்த்து மலேசியாவின் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-இல் தன் பட்டியலில் எடுத்துக்கொண்டது. எல்லா இனத்து மக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இது என்பதுதான் அதில் முக்கியமான விஷயம். அந்த மேசை உங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது.

தனியாகப் போனாலும் பரவாயில்லை. நம் ஊர்க் கோப்பிக் கடையில் கூட்ட நேரத்தில் தெரியாதவர் மேசையில் "உட்காரலாமா" என்று கேட்டு உட்காருவது சாதாரண விஷயம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பார்க்க மாட்டார்கள், அவரவர் தட்டைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நாலாவது வாரம் கடைக்காரர் உங்களைப் பார்த்து "வழக்கமானதா?" என்று கேட்பார். ஆறாவது வாரம் பக்கத்து மேசைப் பெரியவர் தலையசைப்பார். இப்படித்தான் ஆரம்பிக்கும். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி நேரத்துக்கு ஆறு மாதம் ஆகும். மாதம் ஒரு தடவை என்றால் இரண்டு வருடத்துக்கு மேல். அதனால்தான் கிழமையை மாற்றாதீர்கள் என்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது

முதல் ஆள் அந்த லக்சா அக்கா. ஆமாம், அவரேதான். ருசி தெரிந்தவர்கள் பலரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவர் ரசித்துச் சாப்பிடும்போது, அது சரியில்லை என்று நிரூபிக்கத் தோன்றும். நீங்கள் சொன்னது புளியைப் பற்றி, அவர் கேட்டது "உனக்கு ருசியே தெரியவில்லை" என்று. உங்கள் நாக்கு தப்பு சொல்லியிருக்காது, நேரம்தான் தப்பு. அவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அக்கா, அன்றைக்கு நீங்கள் ஆசையாகச் சாப்பிட்டபோது நான் குறை சொன்னது மனசை உறுத்துகிறது. ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு தடவை சேர்ந்து லக்சா சாப்பிடலாமா? உங்களுக்குப் பிடித்த கடையாகவே இருக்கட்டும்." அவர் வராமலும் போகலாம். ஆனால் அவர் உங்களை வெறுக்கிறார் என்று நீங்கள் நினைப்பது அநேகமாகத் தப்பு. முன்பின் தெரியாதவர்கள் பேசிப் பிரிந்த பிறகு, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வந்த ஒரு உளவியல் ஆய்வு காட்டியது. நாம் எல்லோரும் செய்வதுதான் இது.

இனி குறை சொல்லவே கூடாதா என்றால், அப்படியில்லை. "நீங்கள் இதில் எதை ரசிக்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள், பதில் வந்தபிறகு "எனக்குப் புளி இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பிடிக்கும்" என்று உங்கள் நாக்கைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். ருசியைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிற சிநேகிதமும் வரும், அது அந்த 90 மணி நேரத்துக்குப் பிறகு.

அடுத்தது, உங்களைப் போலவே சாப்பாட்டுப் பைத்தியம்தான் வேண்டும் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சாப்பிட ஆசை இருக்கிற ஆள், சொன்ன நேரத்துக்கு வருகிற ஆள், புதுசாக ஒன்றைத் தட்டில் வைத்தால் முகம் சுளிக்காத ஆள், இது போதும். மகனுடைய தமிழ்ப்பள்ளி வாசலில் தினமும் நிற்கிற அம்மாக்களில் இப்படி ஒருவராவது நிச்சயம் இருப்பார், அவருக்கும் காலையில் பிள்ளையை விட்ட பிறகு அரை மணி நேரம் இருக்கும்.

சேர்ந்து சாப்பிடுவதைவிட சேர்ந்து சமைப்பது இன்னும் வேகமாக ஆட்களை நெருக்கும் என்பது என் கருத்து, வேலை நடக்கும்போது பேச்சு தானாக வரும், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கை சும்மா இருக்காது. நீங்கள் இருப்பது பினாங்கு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகிற வழி நெடுக எத்தனை தண்ணீர்ப்பந்தல்! ஒவ்வொரு பந்தலுக்கும் பின்னால் முந்தின நாளே வெங்காயம் உரிக்க, கொண்டைக்கடலை அவிக்க, மோர் கலக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். வீட்டுப் பக்கத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானம் நடந்தால் அங்கேயும் அப்படித்தான். "உதவி வேண்டுமா?" என்று கேட்டுப்போகிறவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதே பந்தலுக்கு அடுத்த வருடமும் போங்கள்.

தமிழர்களாகவே இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் "நாம் மாடு சாப்பிட மாட்டோம், புரட்டாசியில் சைவம், மற்றவர்களோடு ஒத்துவருமா" என்று ஒரு வரி இருக்கிறது. நன்றாகவே ஒத்துவரும். உங்கள் சீன நண்பர்கள் பலர் வீட்டில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அவர்களுடைய நவராஜ தெய்வங்களின் திருவிழாவில் ஒன்பது நாளும் பினாங்கில் மஞ்சள் கொடி கட்டிச் சைவக் கடைகள் முளைக்கும், அது பல வருடங்களில் நம் புரட்டாசியை ஒட்டியே வருகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு இதைவிட நல்ல கூட்டணி கிடைக்குமா? மலாய், இந்திய முஸ்லிம் நண்பர் வந்தால் ஹலால் கடை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே ஒரு மரியாதை, சீன நண்பர் சொல்கிற சார் கோய்தியாவ் கடையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நாசி கண்டார் கடையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அந்தச் சாப்பாடும் காவடி மாதிரிக் கம்பின் இரு பக்கமும் கூடை தொங்க சோறும் குழம்பும் சுமந்து விற்ற நம் தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்தது.

பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்

தனித்தனித் தட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பிரிவதைவிட, நடுவில் வைத்துப் பகிர்கிற சாப்பாடாகத் தேர்ந்தெடுங்கள். மீன் தலைக் கறி, ஸ்டீம்போட், ஜூன் ஜூலை வாக்கில் பாலிக் பூலாவில் டுரியான். ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்ட அந்நியர்கள், தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டவர்களைவிடச் சீக்கிரம் ஒரு பேரத்தில் உடன்பாட்டுக்கு வந்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்கிறது. நம்மவர்களுக்கு எச்சில் ஒரு தயக்கம்தான், அதற்குக் கூடுதலாக இரண்டு தட்டும் பரிமாறத் தனிக் கரண்டியும் முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டால் போச்சு.

உங்கள் சர்க்கரைக்கும் இதுதான் வழி. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. உங்கள் மேசையில் ஆறு பேர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கும் இதே கவலை இருக்கலாம். நாலு பேருக்கு ஒரு செண்டோல், ஆளுக்கு இரண்டு கரண்டி. தே தாரிக்கைச் சீனி குறைத்துக் கேளுங்கள். டாக்டர் சொன்னதை நண்பர்களிடம் மறைக்காதீர்கள், மறைத்தால் "இன்னொரு பிளேட்" என்று அவர்கள் அன்போடு வற்புறுத்தும்போது மறுக்க முடியாமல் தவிப்பீர்கள்.

ஆபீஸ் நண்பர்

பட்டப்பகலில், நாலு பேர் இருக்கிற கடையில், ஒரு சக ஊழியரோடு மதியம் சாப்பிடுவதில் தப்பே இல்லை. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் கணவரிடம் சொல்லாமல் செய்ய வேண்டியதும் இல்லை. இன்றைக்கு இன்னாரோடு இந்தக் கடையில் சாப்பிட்டேன் என்று போனில் சாதாரணமாகச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கம் வந்தால், ஏன் வருகிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பழக்கமில்லாத கூச்சமாகத்தான் இருக்கும். வாய் மெல்ல ஆசைப்படுகிறவர்கள் எந்த ஆபீஸிலும் இருப்பார்கள், ஆகவே மூன்றாவது ஆளையும் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். ஹாலின் ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பது நெருக்கத்துக்குப் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. மூன்று வருடமாக ஒரே அறையில் இருந்தும் யாரும் நெருங்கவில்லை என்ற உங்கள் வருத்தத்துக்கு அதுதான் பதில். ஆபீஸ் வாசலைத் தாண்டினால்தான் கணக்கே ஆரம்பிக்கும்.

கவனமாக இருக்க வேண்டியவை

புது ஊரில் நட்பு தேடுகிற பெண் என்று தெரிந்தால் நெருங்கி வருகிறவர்களில் சிலருக்கு வேறு நோக்கம் இருக்கும். முதல் சந்திப்பிலேயே சத்துமாவு, எடைக்குறைப்புப் பானம், முதலீட்டுத் திட்டம் என்று பேச்சு திரும்பினால் அது சாப்பாட்டுச் சந்திப்பு இல்லை, ஆள் சேர்ப்பு. நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத் தடைக்கும் இங்கே 1993-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது, அதனால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மரியாதைக்காக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சமையல் வகுப்பு, இடம் குறைவு, இன்றே பணம் போடுங்கள்" என்கிற விளம்பரங்களில் நேரில் போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளியாமல் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணம் திரும்புவது கஷ்டம். முதல் சில சந்திப்புகளுக்குச் சொந்த வண்டியில் போய்ச் சொந்த வண்டியில் திரும்புங்கள், வீட்டு முகவரி வேண்டாம்.

பில் விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். "நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன்" என்று நம்மவர்கள் இழுத்துக்கொள்வது பார்க்க நன்றாக இருக்கும், மூன்றாவது மாதம் யாரோ ஒருவர் மனசுக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார். அவரவர் வெள்ளி அவரவருக்கு, பிறந்த நாளுக்கு மட்டும் விதிவிலக்கு.

வீட்டில்

கணவர் "போயிட்டு வா" என்று சொன்னதை அக்கறையின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். சாப்பாட்டில் ஆசையில்லாத ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த விதத்தில் கொடுத்த சுதந்திரமாகவும் இருக்கலாம், கடிதத்தை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குள் இரண்டு பசி கலந்து கிடக்கிறது. ஒன்று சாப்பாட்டுக்குத் துணை, இன்னொன்று கணவர் கூட இருக்க வேண்டும் என்பது. முதலாவதை நண்பர்கள் தீர்ப்பார்கள், இரண்டாவதை எந்த நண்பராலும் தீர்க்க முடியாது. அவர் வருகிற அந்த இரண்டு வார இறுதியில் ஒரு வேளையாவது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு இருவரும் வெளியே போங்கள், கடையை அவர் தேர்ந்தெடுக்கட்டும், சாப்பாடு சுமாராக இருந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். தனிமை இதையும் தாண்டி ஆழமாக இருந்து, தூக்கம் கெட்டு, சாப்பாட்டில் இருந்த ஆசையே போகிற அளவுக்கு வந்தால், நேரில் ஒரு பதிவுபெற்ற ஆலோசகரைப் பாருங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசுங்கள்.

மாமியாரைப் பொறுத்தவரை, அவர் சமையலை விட்டுவிட்டு நீங்கள் வெளியே போவது அவருக்கு வலிக்கிறது என்று நினைக்கிறேன். அவர் கையில் என்ன ஸ்பெஷல் என்று நீங்கள் எழுதவே இல்லை, கடிதம் முழுக்கக் கடைகள்தான் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை திரும்பும்போது அவருக்குப் பிடித்த ஒன்றைத் தாப்பாவ் (பொட்டலம்) பண்ணிக்கொண்டு வாருங்கள். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு இந்தப் புது நண்பர்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அதற்கு ஒரு வாரம் முன்னால் முறுக்குச் சுடவே அவர்களை வரச் சொல்லலாம். மாவுப் பதம் எப்படி என்று அவர்கள் முன்னாலேயே அத்தையிடம் கேளுங்கள்.